ஓசைக் கட்டமும் ஒரு துண்டு கற்கண்டும்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டிருந்தீர்கள், நினைவிருக்கிறதா? முட்டிவலிக்கு வெந்தயம், காலை வணக்க ரோஜாப்பூ, கண் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்பவற்றுக்கு நடுவில் அது வந்து விழுந்தது. எல்லா விடைகளும் 'ட்டம்' என்று முடிய வேண்டுமாம். வட்டம், பட்டம், சட்டம், மட்டம். பால்வாடிப் பிள்ளைகூடப் போட்டுவிடும். ஆனாலும் பேரன் பேத்தி எடுத்த நாம் அத்தனை பேரும் அடித்துப் பிடித்துப் பதில் அனுப்பினோம். அதில் ஒருவர் மட்டும் விடைகளை மலையாள எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். சொல் தமிழ், எழுத்து மலையாளம். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அது ஒன்றும் குற்றமில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் கட்டங்களுக்குள் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் நான் வாயில் அடக்கி வைத்திருந்த சங்கதி அதில் இருந்தது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது. இன்றைக்கும் காஸ் சிலிண்டர் வந்தால் சீல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். மீன்காரச் சேட்டன் செவுளைத் தூக்கிக் காட்டினால், எதற்கு இவர் கேட்காமலே காட்டுகிறார் என்று யோசிப்பேன். பத்து வயதில் இது இன்னும் மோசம். தெருவில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால் நான் அங்கே செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நிற்பேன். அம்மா என்னை 'போலீஸ்காரி' என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பட்டத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை.

கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் நான்கு தமிழ் வீடுகள் இருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து படம் பிடிக்கும் பழம்பொருள் கடை இருக்கிறது. முதல் வீடு காப்பிப்பொடி மாமாவுடையது. முன்னால் கடை, பின்னால் குடித்தனம். அடுத்தது தையல்கார மாமா வீடு. மூன்றாவது நாங்கள். கடைசி வீடு ராவுத்தர் மாமியுடையது. என் அப்பா சுக்குக் கிட்டங்கியில் மேஸ்திரி. தை பிறந்து பங்குனி வரைக்கும் முற்றங்களில் இஞ்சி காயும். காற்றில் சுக்குத் தூசியும் சுண்ணாம்பும் பறக்கும். எங்கள் தெருவில் தும்மலை வைத்துச் சகுனம் பார்க்க முடியாது. எல்லாரும் எப்போதும் தும்மிக்கொண்டே இருப்போம்.

நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தமிழ் வார இதழ். சனிக்கிழமை காப்பிப்பொடி மாமா எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய்விட்டு வரும்போது வாங்கிவருவார். போட் ஜெட்டியிலிருந்து அவர் நடந்து வரும்போதே கக்கத்தில் இதழ் தெரிகிறதா என்று பார்ப்போம். திங்கள்வரை அவரிடம், புதன்வரை தையல்கார மாமா வீட்டில், வெள்ளிவரை எங்களிடம், அப்புறம் ராவுத்தர் மாமிக்கு. கை மாறி மாறி அட்டை கிழிந்துவிடும் என்பதால் தையல்கார மாமா வீட்டில் துணி வெட்ட வைத்திருக்கும் பிரவுன் பேப்பரில் ஒரு உறை போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த உறையைக் கழற்றிக்கொள்வாள். கல்லூரி நோட்டுகளுக்கு அட்டை போட நல்ல காகிதம் என்பாள். ராவுத்தர் மாமிக்கு இதழ் உறையில்லாமல்தான் போகும். மாமி அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்து, ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக்கிக்கொள்வது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது.

சிறுவர் பகுதியில் கடைசிப் பக்கம் 'ஓசைக் கட்டம்'. ஒவ்வொரு வாரமும் ஓர் ஓசை. எல்லா விடையும் அதே ஓசையில் முடியும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து விழும். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் விடையைக் கத்துவோம். அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள். ஆனால் யாரும் எழுதக்கூடாது. அது காப்பிப்பொடி மாமா போட்ட சட்டம்.

"ஏட்டில் எழுதுகோல் படலாகாது. அடுத்த வீட்டாருக்கும் இன்பம் மிச்சம் இருக்கட்டும்."

அவர் அப்படித்தான் பேசுவார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பொங்கலுக்கு மேடையேறி முக்கால் மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் அப்பாவுக்கு அந்தத் தமிழைக் கேட்டால் கண் கலங்கிவிடும். இத்தனைக்கும் மாமா பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இந்த மட்டாஞ்சேரியில்தான். அப்பாவுக்கு அவர் வாக்கு வேதம். கடைசி வீட்டில் மட்டும் எழுதலாம் என்பது சட்டத்தில் இருந்த விலக்கு. ராவுத்தர் மாமி மையால் எழுதுவார்.

அந்த வாரம் ஓசை 'டல்'.

மாசி மாதத்து வியாழக்கிழமை அது. மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் வந்துகொண்டிருந்தது. அக்கா பிரவுன் உறையைக் கழற்றிவிட்டு இதழை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பக்கத்தைப் புரட்டி வெயிலுக்கு நேரே பிடித்தவர், வாசிக்கவில்லை. கண்ணைச் சுருக்கினார்.

"ஏட்டி, இங்க வா. இது என்ன எழுத்து?"

கட்டங்களுக்குள் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம் இருந்தது. எழுத்து போயிருந்தாலும் அழுத்திய பள்ளம் போகவில்லை. தேய்த்த இடம் பழுப்பாக மங்கிக் கிடந்தது.

"மலையாளம்ப்பா."

அப்பாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. இருபது வருஷமாக போட் பலகையில் எழுதிய ஊரைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார். "என்ன எழுதியிருக்கு? வாசி" என்றார். நான் விரல் வைத்து வாசித்தேன்.

"கடல்... உடல்..."

"உடலா?"

"ஆமாப்பா. திடல், மடல்... குடல்."

அப்பா இதழை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நான் சொன்னேன், "அப்பா, இது விடைதானே? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அதாம்ட்டி தந்திரம். எழுதக்கூடாதுன்னு நாலு வீட்டுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தன் எழுதி, பாதி அழிச்சும் வச்சிருக்கான்னா, யாரோ ஒருத்தி கண்ணுல படணும்னுதானே? கடலுன்னா போட்டு. திடலுன்னா கோட்டைக் கொச்சி மைதானம்." உடலுக்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

அம்மா மீன் கழுவின கையோடு வந்து நின்றாள். "குடலுக்கு என்ன அர்த்தமாம்? எந்தக் கிறுக்கன் ஒரு பொம்பளப் புள்ளைக்கு குடல்னு எழுதி அனுப்புவான்?"

எங்கள் குடும்பத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வாக்கியம் அது. ஆனால் அப்பா அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த பிரவுன் பேப்பர் உறையைக் கசக்கிச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். போலீஸ்காரியாகிய எனக்கு அந்த முகம் போதும். இவளுக்கு ஏதோ தெரியும் என்று அந்த நிமிஷமே எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேரையும் சிலேட்டில் மலையாளத்தில் 'கடல்' என்று எழுதச் சொன்னார் அப்பா. சிலேட்டையும் இதழையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒன்றைத் தலைகீழாக வைத்திருந்தார். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது பொம்பளைப் புள்ளைங்க எழுத்து இல்ல" என்று முடிவுக்கு வந்தார்.

அப்படியென்றால் யார்? அதற்கு முன்னால் இதழ் இருந்தது தையல்கார மாமா வீட்டில். அங்கே அவருடைய மச்சினன் இருந்தார். இங்கேயே பிறந்தவர், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேச்சில் தமிழைவிட மலையாளம் கூடுதல் என்பதால் நாங்கள் அவரை 'மச்சினச் சேட்டன்' என்போம். வெலிங்டன் தீவில் ஒரு கிட்டங்கியில் வேலை. காலையில் அவர் தீவுக்குப் போகிற போட்டில்தான் அக்கா எர்ணாகுளத்துக்கு பிரீ டிகிரி படிக்கப் போவாள். தமிழ் எழுத்து அவருக்குச் சுத்தமாக வராது என்பது தெருவுக்கே தெரியும். அப்பா விரல் மடக்கி எண்ணியதில் எல்லா விரலும் அவர் பக்கமே மடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிப்பொடி மாமா கடையில் நான்கு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். ஞாயிறு கடை விடுமுறை. முன்கதவு பாதி சாத்தியிருந்தது. அரைக்கும் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அக்காவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் கூட்டிப்போனார் அப்பா. சாட்சியாகப் போகிற கர்வத்தில் நான் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு போனேன்.

அப்பா இதழை காப்பிப்பொடி மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றுமில்லை. அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"தம்பி, இதை எழுதியது நீயா?"

மச்சினச் சேட்டன் காப்பிக்கொட்டை மூட்டைப் பக்கத்தில் நின்றிருந்தார். காது சிவந்திருந்தது. "இத ஞான் எழுதியிட்டில்ல மாமா. சத்யமாட்டு, இத நான் எழுதல்ல."

'இத' என்பதை இரண்டு தடவையும் அழுத்திச் சொன்னார். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். குற்றம் செய்யாதவன் ஏன் தரையைப் பார்க்கிறான்? நான் அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" என்று தையல்கார மாமா எழுந்தார். மச்சினனைவிட அவருக்குத்தான் அவமானம் அதிகம். "எம்மேல நம்பிக்கை வச்சு புஸ்தகம் குடுத்து விடுறாங்க. அதுல நீ... நாளைக்கே வண்டியேறு. திருப்பூர்ல எங்கண்ணன் கடையில போய்க் கிட. இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்த, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

"எம்பொண்ணு இனிமே போட்டுல கால் வைக்கமாட்டா" என்றார் அப்பா. "பரீட்சையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அக்கா. அப்பாதான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்.

எல்லாரும் காப்பிப்பொடி மாமாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டுமே நின்றிருக்கும். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "அனைவரும் பொறுமை காக்க வேண்டும்" என்றார். அதோடு சரி. மேடையில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர்.

திங்கள் காலை மச்சினச் சேட்டன் தகரப் பெட்டியோடு போனார். அக்கா அடுக்களை ஜன்னலில் நின்றிருந்தாள். அவர் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று நான் வேவு பார்த்தேன். பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் போனதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் அக்கா சாப்பிட்டது கொஞ்சம். புத்தகங்களை அப்பா பரண்மேல் ஏற்றிவிட்டார். அக்கா அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. 'நான் ஒண்ணும் செய்யல' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அம்மாதான் அடுப்பிடம் புலம்பினாள், "குடலு... குடல்னு எழுதுவானா ஒருத்தன்..."

எனக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ரப்பர் தேய்த்த அந்தப் பழுப்பு. நான் அன்று பக்கத்தை மூக்கில் வைத்து மோந்தும் பார்த்திருந்தேன். காப்பி வாசம். காப்பிப்பொடி மாமா வீட்டிலிருந்து வரும் எல்லாவற்றிலும் காப்பி வாசம் அடிக்கும் என்பதால் முதலில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் கட்டத்துக்குள் மட்டும் விரல் தேய்த்த அளவுக்கு எப்படிப் பழுப்பு வரும்? மச்சினச் சேட்டன் காப்பியே தொடமாட்டார், அவருக்குச் சாயாதான். போலீஸ்காரி மூளை சுற்ற ஆரம்பித்தது. மாமாவின் மகள்தான் எழுதியிருப்பாள் என்று தோன்றியது. கடையில் பொட்டலச் சீட்டு, சங்கத்துக் கடிதம் எல்லாம் அவள் கையெழுத்துதான். ஆனால் அவள் எழுதுவது அச்சடித்த மாதிரி தமிழ். அவளுக்கு எதற்கு மலையாளம்?

அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டில் காப்பிப்பொடி தீர்ந்திருந்தது. அம்மா அனுப்பினாள். கடை மூடியிருக்கும், ஆனால் பின்பக்கம் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். நான் வேண்டுமென்றே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போனேன்.

பின்கதவு ஒருக்களித்திருந்தது. வறுத்த கொட்டைச் சாக்குகளுக்கு நடுவில் காப்பிப்பொடி மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் புது இதழ், ஓசைக் கட்டம் பக்கம் திறந்து கிடந்தது. இந்தத் தடவை அவர் இதழில் எழுதவில்லை. ஒரு பொட்டலக் காகிதத்தைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாரத்து ஓசை 'ண்டி'. மேலே மலையாள எழுத்தில் வண்டி, மண்டி, நொண்டி, தொண்டி. எனக்கு மனப்பாடமாகியிருந்த அதே சாய்ந்த எழுத்து. கீழே அதே சொற்கள், இதழின் அச்செழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்த தமிழில். 'ண'வுக்கு ஒரு சுழி கூடிப்போயிருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாசிக்கத் தெரிந்த மாமாவுக்குத் தமிழில் எழுதத் தெரியாது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். காதால் கேட்டுக் கேட்டே அத்தனை தமிழையும் பேசினார். எழுதுகிற வேலையை மனைவி, மகள் என்று யார் தலையிலாவது கட்டிவிட்டு, ஊருக்குத் தெரியாமலே காலம் தள்ளியிருக்கிறார். இந்தப் புதிர் அவருக்கு வசதி. முடிகிற எழுத்துகள் ஒன்றே, முதல் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பழகலாம். விடையை முதலில் தெரிந்த எழுத்தில் கட்டத்தில் போட்டுக்கொண்டு, பிறகு அதைத் தமிழில் எழுதிப் பார்த்து, கட்டத்தை அழித்து, திங்கட்கிழமை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எத்தனை மாதமாக நடந்ததோ. 'டல்' வாரத்தில் அழித்தது போதவில்லை.

என் நிழல் காகிதத்தில் விழுந்தது. அவர் உள்ளங்கையை விரித்து எழுத்தை மூடினார்.

"எந்தா மோளே?"

என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மலையாளம் அது.

"கால் கிலோ காப்பிப்பொடி."

அவர் எழுந்து நிறுத்துக் கொடுத்தார். பொடி தராசுத் தட்டுக்கு வெளியே சிந்தியது. பொட்டலத்தைக் கட்டிவிட்டு, மேல் தட்டிலிருந்த கண்ணாடிப் புட்டியைத் திறந்தார். கற்கண்டு. ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார்.

"இது வெறுதே. நீ தின்னோ." காசு வேண்டாம், சும்மா தின்னு என்கிறார். "மோளு ஒண்ணும் கண்டில்லல்லோ?" என்றார், நான் எதையும் பார்க்கவில்லையே என்று.

"இல்ல மாமா" என்றேன்.

வீட்டுக்குப் போவதற்குள் கற்கண்டைத் தின்று தீர்த்துவிட்டேன். கையில் மிச்சம் இருந்தால் யார் கொடுத்தது என்று அம்மா கேட்பாள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பா நம்பியிருக்கமாட்டார். மாமாவின் மானம் போயிருக்கும். சின்னப் பிள்ளை. எல்லாம் சரிதான். ஆனால் உண்மையில் எனக்கு அந்த ரகசியம் பிடித்திருந்தது. ஊரே மதிக்கும் மனுஷர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். பத்து வயதுப் போலீஸ்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பிப்பொடி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமில்லாத வழக்கம். அப்பா பதறி நாற்காலியைத் துடைத்தார். மாமா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை.

"நான் தீர விசாரித்துவிட்டேன்" என்றார் அப்பாவிடம். "அந்தப் பையனுக்கும் உங்கள் பெண்ணுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. இது என் வாக்கு. குழந்தை பரீட்சை எழுதட்டும்."

அப்பா உடனே பரணில் ஏறினார். வேதவாக்கு ஆயிற்றே. அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து மாமாவின் காலில் விழுந்தாள். வாரம் முழுக்க அழாதவள் அப்போது குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாமா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். திருப்பூருக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எழுதியது யார் என்றும் சொல்ல வேண்டி வந்திருக்கும். தையல்கார மாமாவும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டாள், "அப்ப அந்தப் பய என்ன தப்பு செஞ்சான்?" அப்பா தும்மிவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா பரீட்சை எழுதினாள், பாஸானாள். வெலிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தில் வேலை வாங்கினாள். எர்ணாகுளத்தில் இதைவிட நல்ல வேலை ஒன்று கிடைத்தும், தீவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஓய்வு பெறும்வரை அதே போட்டுதான். நேரம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் நல்லவர், இப்போது இல்லை. மூத்த மகனுக்குக் காப்பிப்பொடி மாமாவின் பெயரைத்தான் வைத்தாள். மாமா இறந்தபோது பெற்ற மகளைவிட அதிகம் அழுதது அவள்தான். வருஷா வருஷம் அவர் நினைவு நாளில் யாருக்காவது சாப்பாடு போடுவாள். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இவ்வளவு காலம் கழித்து, குழுவில் வந்த அந்தப் புதிரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பின்கதவு, பொட்டலக் காகிதம், சுழி கூடின 'ண', உள்ளங்கையில் வைத்த கற்கண்டு, நான் சொன்ன 'இல்ல மாமா'. இத்தனை நாளும் அவள் ஒரு தப்பும் செய்யாமல் பழி சுமந்தாள் என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஒரு தப்பும் செய்யலன்னு உனக்கு யாரு சொன்னா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவரு எழுதத்தான் செஞ்சாரு. குறுக்கெழுத்துல இல்லட்டி. பிரவுன் பேப்பருக்கு உள்பக்கம். உறை போடுறது அவரு வேலைதான். வாரா வாரம் கழட்டி எடுப்பேனே, நீ பக்கத்துலதானே இருந்த, போலீஸ்காரி?"

அத்தனை வாரமும் புதன்கிழமை தையல்கார மாமா வீட்டிலிருந்து இதழை வாங்கி வந்தது நான்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். கட்டத்துக்குள் இருந்த பள்ளத்தை மோந்து பார்த்தவள் கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. 'இத நான் எழுதல்ல' என்று மச்சினச் சேட்டன் அழுத்திச் சொன்னது இப்போதுதான் என் காதில் விழுந்தது.

வெளியே கப்பைக்கிழங்கு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ மாமாக்கு எங்க விஷயம் தெரியவே தெரியாதா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அப்பாகிட்ட எனக்காகப் பொய் சொன்னாருன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன். வாக்கு மாறாத மனுஷன் எனக்காக ஒரு பொய் சொன்னாரே, ஆனா பதிலுக்கு நான் ஒண்ணும் செய்யலியேன்னு..." அவள் முடிக்கவில்லை. சுவரில் மாமாவின் படம் இருந்தது. மல்லிகைச் சரம் வாடியிருந்தது.

நான் தலை குனிந்திருந்தேன். மாமா தான் செய்ததற்குப் பயந்து சொன்ன வார்த்தையை, அக்கா தனக்குக் கிடைத்த கருணை என்று வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். அதையும் நான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். மச்சினச் சேட்டன் திருப்பூரில் எத்தனை நாள் காத்திருந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அவரைத் திரும்பக் கூட்டிவந்திருப்பார்கள். இது எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் அதைப் பார்த்தேன்.

அவள் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"அந்தக் கல்கண்டு பெரிய துண்டாட்டி?"

"இல்லக்கா" என்றேன். "சின்னதுதான்."